பார்த்துக்கொள்ள ஆளில்லாதவள்

அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்ப மூன்று வழி இருக்கிறது என்றார் விசாக்காரர். நகல் எடுக்கும் கடைக்கு மேலே, ஏணி என்றும் சொல்ல முடியாத படி என்றும் சொல்ல முடியாத ஒன்றில் ஏறிப்போனால் அவருடைய அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க விமானப் படங்கள். அவர் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. ஆனால் எந்த நாட்டுக் கதவு எந்தக் காகிதத்துக்குத் திறக்கும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

மூத்தவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சோடாவில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. அவற்றை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அம்மா. அதே கூடத்தில் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். கண்ணழுத்தம் வந்து ஒரு கண் முழுசாகப் போய்விட்டது. மற்றதில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

“முதல் வழி, மூணு மாசம் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வர்ற விசா.”

“அது போன வருஷமே போட்டோமே. முடியாதுன்னுட்டாங்க.”

“தெரியும், நான்தானே போட்டுக் குடுத்தேன். ரெண்டாவது, பேங்க்ல பெரிய தொகையா டெபாசிட் கட்டிட்டுப் போறது. அதை விடுங்க.”

“விட்டுட்டேன்,” என்றாள் மூத்தவள்.

“மூணாவது, மகன் தன் பொறுப்புல கூப்பிட்டு வெச்சுக்கறது. உங்க தம்பிக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை, நிரந்தரம். ரெண்டு ரூம் வீடு. அவர் பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு. இன்ஷூரன்ஸும் வந்துரும், கண்ணுக்கு அங்கயே வைத்தியம் பாத்துக்கலாம். ஒரே ஒரு நிபந்தனைதான்.” அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “இங்க அவங்களைப் பாத்துக்க ஆள் இருக்கக் கூடாது.”

அம்மா சிரித்துவிட்டாள். “இதோ குத்துக்கல்லாட்டம் பக்கத்துலயே உக்காந்திருக்காளே!”

“அதாம்மா சிக்கல்.” அவர் அலமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்துப் பிரித்தார். “போன வருஷம் நீங்க எழுதின கடிதம், ஞாபகம் இருக்கா?”

மூத்தவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சலவைக்கூட மேனேஜரிடம் கோடு போட்ட தாள் கேட்டு வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது. அம்மா என்னோடு இருக்கிறாள், நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், அதனால் கட்டாயம் திரும்பி வந்துவிடுவாள் என்று சொல்லி, என்னென்ன செய்கிறேன் என்று நம்பர் போட்டு ஒன்பது வரி. எழுதி முடித்தபோது பரீட்சையில் நல்ல மார்க் வாங்கப்போகிற பிள்ளையின் சந்தோஷம் அவளுக்கு. அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. தன் பெருமையைத் தானே வாசிக்க வெட்கமாக இருந்தது.

“அப்ப திரும்பி வருவாங்கன்னு காட்டணும். இப்ப திரும்பி வர இடமே இல்லன்னு காட்டணும். ஆனா அந்தக் கடிதம் அவங்க ஆபீஸ் பைல்ல இருக்கு. எடுத்துப் பாப்பாங்க.”

“பாத்தா?”

“அதுக்கப்புறம் ஏதோ மாறியிருக்கணும். உங்களுக்குக் கல்யாணமாகி வேற ஊர் போயிருக்கணும்.” மூத்தவளுக்கு நாற்பத்தேழு வயது. அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார். “இல்லேன்னா உங்களுக்கு உடம்பு முடியாமப் போயிருக்கணும். அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும். அதுவும் இல்லேன்னா சண்டை. சண்டை போட்டு அம்மாவை வீட்டை விட்டு அனுப்பிட்டீங்க. அதுக்கு எந்த டாக்டரும் கையெழுத்துப் போட வேணாம், நீங்க போட்டாப் போதும்.”

மூத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தன் வட்டத்துக்குள் சுவரில் இருந்த ஒரு விமானத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை பாடும் ஒரு முகத்துக்காகத்தான். இளையவனின் மகனுக்கு மூன்று வயது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவன், தைத்திருக்கிறார்கள். ஐந்து வயதாகும்வரை விமானத்தில் ஏற்றவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே கண் டாக்டர், “இன்னும் ஒரு வருஷம் இந்தக் கண் தாங்கினா பெரிசு,” என்றார். அம்மா வாய்விட்டு எதையும் கேட்கிற ரகம் இல்லை. ஆனால் இளையவன் வீடியோவில் கூப்பிடும்போது போனைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, “மூக்கு தெரியுது… இரு, இப்ப வாய் தெரியுது…” என்று பிள்ளையைத் துண்டு துண்டாகப் பார்ப்பாள். ஒருநாள், “முழு முகத்தையும் ஒரே சமயத்துல பாக்கணும்னா எவ்வளவு தூரத்துல நிக்கணும்?” என்று கேட்டாள். அன்றைக்கு மூத்தவள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

“அக்கா, ஒரே ஒரு கையெழுத்துதான். வெறும் காகிதம். நமக்குத் தெரியாதா உண்மை?” என்றான் இளையவன் போனில்.

“உனக்கு வெறும் காகிதம். பேர் என்னோடது.”

“அப்ப வேணாங்கறியா?”

“வேணாம்னு எப்படா சொன்னேன்?” என்று சிடுசிடுத்துவிட்டு வைத்தாள்.

நோட்டரி வக்கீலின் மேசை ஒரு மரத்தடியில் இருந்தது. பேப்பரில் எழுதியிருந்ததை அவர் ஒருதடவை வாசித்தார். என் தாயை நான் பராமரிப்பதில்லை. பராமரிக்க எனக்கு விருப்பமும் இல்லை. கடந்த மாதம் முதல் அவர் என் வீட்டில் இல்லை. “சம்மதம்தானே?” என்று கேட்டார். இந்த மாதிரிக் காகிதங்கள் தினமும் வரும்போலிருக்கிறது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூத்தவள் கையெழுத்துப் போட்டாள்.

காகிதம் சொன்னால் போதாது, நேரில் விசாரிக்க ஆள் வருவார்கள் என்று விசாக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் அம்மா நிஜமாகவே வீட்டை விட்டுப் போனாள். சலவைக்கூடத்தில் மூத்தவளோடு மடிப்பு வேலை செய்கிற நெட்டையின் வீட்டில், பின்பக்கம் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி. விஷயம் நெட்டைக்கு மட்டும் தெரியும். எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனை வாயை மூட வேண்டும் என்று மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டுக்குப் பதினான்கு படி. படியோரமாக மூத்தவள் ஒரு கயிறு கட்டி, கடைசிப் படி வருகிற இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முடிச்சு கையில் தட்டியதும் நின்றாள்.

“அங்க கயிறு கட்டுவியா?”

“அங்க படியே இல்லம்மா.”

“படி இல்லாட்டி என்ன, நடக்க வேணாமா?” என்றாள் அம்மா. சரிதானே என்று மூத்தவளும் மறுநாள் போய், படுக்கையிலிருந்து குளியலறை வரைக்கும் கட்டிவிட்டு வந்தாள்.

கண்ணுக்கு மருந்து நாலு வேளை போட வேண்டும். நேரம் தப்பக் கூடாது. காலை ஆறுக்கு இருட்டோடு இருட்டாகப் போய்விடுவாள். மாலை ஆறும் இரவு பத்தும் நெட்டையின் பொறுப்பு. மதியம் பன்னிரண்டுதான் பெரும்பாடு. தோளில் ஒரு துணி மூட்டையைத் தூக்கி, முகத்தை அதன் பின்னால் ஒளித்துக்கொண்டு, டெலிவரிக்குப் போகிறவள்போலச் சந்து வழியாக நடப்பாள். அம்மா தலையை அண்ணாந்து தயாராக இருப்பாள். ஒரு சொட்டு. ஐந்து நிமிஷம் மூடின கண். இன்னொரு மருந்தில் ஒரு சொட்டு. அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பேச்சு.

“திருடியாட்டம் வர்றே.”

“திருடிதான். பெத்தவளைப் பாக்கத் திருட்டுத்தனமா வர்றவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.”

“சாப்டியா?”

“நேரமில்ல. கண்ணைத் திற.”

விசாரிக்கச் சலவைக்கூடத்துக்கே வந்தவர் சின்ன வயசுக்காரர். தோளில் பை, கையில் அட்டை. உள்ளே ஆவியும் இரைச்சலுமாக இருந்ததால் வாசலிலேயே நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் மூத்தவளும் நெட்டையும் ஒரு விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து இழுத்து நின்றார்கள். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வந்தது. ஒருத்தி விட்டாலும் தரையில் விழும், மறுபடி வெளுக்க வேண்டியதுதான். மேனேஜர் அவரைக் கூட்டிவந்து மூத்தவளைக் காட்டினார்.

“உங்க அம்மாவை நீங்க பாத்துக்கறீங்களா?”

தனியாகக் கேட்கக்கூடாதா என்று அவள் நினைப்பதற்குள் கேட்டுவிட்டார். இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்று உரக்க வேறு கேட்டார். தொட்டியருகே நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். உருளையில் துணி போடுகிறவள் கையை நிறுத்தினாள்.

“இல்ல,” என்றாள் மூத்தவள்.

“ஏன்?”

விசாக்காரர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. நீளமானது. அது வாயில் வரவில்லை. “முடியல,” என்றாள்.

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“யாரோ இடம் குடுத்திருக்காங்க. எனக்குத் தெரியாது.”

விரிப்பின் மறுமுனையில் இடம் கொடுத்தவள் நின்றிருந்தாள். நெட்டை ஒன்றும் தெரியாதவள்போல முன்னால் நடந்துவந்து தன் முனைகளை மூத்தவளின் கையில் சேர்த்தாள். சேர்க்கும்போது விரலை ஒரு அழுத்து அழுத்தினாள். வந்தவர் அட்டையில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கூடத்தில் எட்டுப் பேர். அதில் ஐந்து பேருக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்ததே அம்மாதான். பதினொன்றரைக்கு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பங்கு போட்டுச் சாப்பிடுவது வழக்கம். அன்று மூத்தவளின் டப்பாவில் யார் கையும் போடவில்லை, அவளுக்கு யாரும் எடுத்து வைக்கவும் இல்லை. உருளைக்காரி மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டு, “சில பேருக்குப் பெத்தவங்க துணி மாதிரி. பழசானா கிழிச்சுத் துடைக்க வெச்சுக்குவாங்க,” என்றாள். மூத்தவள் சோற்றை மென்று முழுங்கினாள். கத்தியால் கீறியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. பன்னிரண்டு மணிக்கு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நடந்தாள்.

நேர்காணலுக்கு அம்மாவை நெட்டைதான் கூட்டிப்போனாள். கண் தெரியாதவர் என்பதால் துணைக்கு ஒரு ஆள் உள்ளே வரலாம் என்றார்கள். மூத்தவள் எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டரை மணி நேரம் நின்றாள். அவர்கள் வெளியே வந்தபோதும் கூட நடக்க முடியாது. இருபதடி தள்ளி, முன்பின் தெரியாதவள்போலப் பின்னால் போனாள். அம்மா நெட்டையின் வலது முழங்கையைப் பிடித்திருந்தாள். இடது முழங்கையைத்தான் பிடிக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் அவளுக்குப் பார்வை இருக்கிறது என்று நெட்டையிடம் சொல்ல மறந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் நெட்டையின் சமையலறைக்குப் போனாள். நெட்டைக்கு வாய் கொள்ளாத சந்தோஷம்.

“அக்கா, அம்மா என்னமா நடிச்சாங்க தெரியுமா! அந்த அதிகாரியம்மா உங்க பழைய கடிதத்தைக் கையில எடுத்துக்கிட்டாங்க. பக்கத்துல நம்ம பாஷை தெரிஞ்ச ஒருத்தர். ஒவ்வொரு வரியா வாசிச்சு, இது உண்மையா பொய்யா, இது உண்மையா பொய்யான்னு கேட்டாங்க. நான் வெலவெலத்துப் போயிட்டேன். அம்மா அசரவே இல்லையே! ஒம்பதுக்கும் பொய், பொய், பொய்.”

மூத்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“வெறும் பொய்னு சொன்னா நம்புவாங்களா? அம்மா கதை கதையா எடுத்து விட்டாங்கக்கா. ‘நாலு வேளை மருந்தா? ஒருநாள் மத்தியானம் வரவே இல்ல, மூணு மணி வரைக்கும் தலையை அண்ணாந்தே உக்காந்திருந்தேன்’னாங்க. தரையில எதையும் போட்டு வைக்க மாட்டேன்னு எழுதியிருந்தீங்கல்ல, அதுக்கு, ‘வாளியை நடுவழியில வெச்சுட்டுப் போயிட்டா’ன்னு புடவையைத் தூக்கி முழங்கால் தழும்பையே காட்டிட்டாங்க! கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அந்த அதிகாரியம்மாவே பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. ‘நீ போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு ஒரு வழி பொறக்கும்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னா’ன்னாங்க. எங்கிருந்துதான் வருதோ அம்மாவுக்கு!”

எங்கிருந்து வந்தது என்று மூத்தவளுக்குத் தெரியும். ஒரு பஸ் விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தத் துணி மலையாக வந்து குவிந்தது, மதியம் நகர முடியவில்லை. வாளி அவள் வைத்ததுதான். அந்த வார்த்தையும் அவள் சொன்னதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மா கைதவறி மருந்துப் புட்டியைக் கொட்டிவிட்ட ஒரு காலையில். சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது அம்மா வழக்கம்போலப் பேசினாள். கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் மறந்திருப்பாள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு விட்டாள்.

பின்னறையில் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நல்லா நடிச்சியாமே,” என்றாள் மூத்தவள்.

“எனக்கு நடிக்க வராது. உனக்குத் தெரியும்.”

“அப்ப?”

“பொய்யை யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல. பிள்ளை முகம்தான் வந்துச்சு. சரின்னு நடந்ததையே சொல்லிட்டேன்.”

“அதை அங்கதான் சொல்லணுமா? முன்பின் தெரியாத ஒருத்திகிட்டயா?”

“வேற யார்கிட்ட சொல்ல? நீ அதை நெனச்சுச் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா? ஆனா சொன்னேல்ல. ரெண்டு வருஷமா நெஞ்சுலயே கிடந்துச்சு. உன்னைப் பத்தி உன்கிட்டயே வந்து அழ முடியுமாடி?”

மூத்தவள் மருந்தை எடுத்தாள். ஒரு சொட்டு. ஐந்து நிமிஷம். இன்னொரு சொட்டு விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நாலு வேளை மருந்து நிற்கவில்லை. பேச்சுதான் நின்றுபோனது. ‘அண்ணாந்து பார்’, ‘கண்ணைத் திற’, ‘முடிஞ்சது’ என்ற மூன்றோடு ஐந்து வாரம் ஓடியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு மதியமும் சந்துக்குள் நடக்கும்போது நினைப்பாள். மூட்டையை இறக்கியதும் நாக்கு எழாது. இரண்டு வருஷம் கழித்து எந்த முகத்தோடு கேட்பது என்றிருக்கும்.

ஆறாவது வாரம் விசாக்காரர் கூப்பிட்டார். கிடைத்துவிட்டது.

விமான நிலையத்தில் உள்ளே விடுவதற்கு நேரம் இருந்தது. சக்கர நாற்காலி தள்ளுகிறவர் வந்து கூப்பிடுவார், அதுவரை வெளியே பெஞ்சில் இருங்கள் என்றார்கள். இனி ஒளிந்து நிற்கத் தேவையில்லை என்று விசாக்காரர் சொல்லியிருந்தாலும், மூத்தவள் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியம் பன்னிரண்டு ஆனது. பையைத் திறந்து மருந்து போட்டாள். இங்கே அவள் போடுகிற கடைசி மருந்து. மூடிய கண்ணோடு அம்மா கேட்டாள்.

“அந்தக் கடிதம் இருக்கா?”

“எந்தக் கடிதம்?”

“நீ எழுதினது. மொதல்ல எழுதினது.”

“பைல்ல ஒரு காப்பி இருக்கும். எதுக்கு?”

“அங்க அந்தாளு அவசர அவசரமாப் படிச்சாரு. பொய் சொல்ற பயத்துல எனக்கு ஒண்ணும் சரியாக் காதுல ஏறல. நீ படி.”

“இங்கயா?”

“வேற எங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல ஏத்திடுவாங்க.”

மூத்தவள் பைலைப் பிரித்தாள். அவள் கையெழுத்துப் போட்ட அந்த இன்னொரு காகிதமும் அதில்தான் இருந்தது. அதைப் பின்னால் தள்ளிவிட்டுக் கடிதத்தை எடுத்தாள்.

“ஒண்ணு. தினமும் நாலு வேளை கண் மருந்து போடுகிறேன்.”

“நிஜம்,” என்றாள் அம்மா.

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. “மேல படி. அங்க நம்பர் நம்பராப் பொய்னு சொல்லியிருக்கேன். நம்பர் நம்பரா எடுக்கணும்.”

“ரெண்டு. மாசம் ஒருதடவை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.”

“நிஜம்.”

“மூணு. சனிக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டி விடுகிறேன்.”

“நிஜம். தண்ணி மட்டும் எப்பவும் சூடு அதிகம்.”

“நாலு. மீன் இருந்தால் முள் எடுத்துக் கொடுக்கிறேன்.”

“நிஜம்.”

“அஞ்சு. பேப்பர் படித்துக் காட்டுகிறேன்.”

“நிஜம். சாவுச் செய்தியெல்லாம் தாண்டிடுவே, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.”

பெஞ்சின் மறுகோடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர் இவர்களை ஒருமாதிரியாகப் பார்த்தார். மூத்தவளுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. புறங்கையால் துடைத்துக்கொண்டு படித்தாள். ஆறு, படியில் கட்டிய கயிறு. நிஜம். ஏழு, பிடித்து நடக்க என் இடது முழங்கை. நிஜம். எட்டுக்கு வந்ததும் நின்றாள். தரையில் எதையும் போட்டு வைக்க மாட்டேன்.

“அம்மா, அன்னிக்கு அந்த வாளி… அந்தப் பேச்சு… நான்…”

“எட்டு என்னன்னு படிடி.”

படித்தாள்.

“நிஜம்,” என்றாள் அம்மா. “ஒருநாள் வாளியை வெச்சுட்டா, மத்த நாளெல்லாம் வெக்காதது இல்லன்னு ஆயிடுமா? அடுத்தது?”

“ஒம்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறேன்.”

சக்கர நாற்காலிக்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு இவர்களை நோக்கி வந்தார். அம்மா கண்ணைத் திறந்து, தன் வட்டத்துக்குள் மகளின் முகத்தைத் தேடினாள். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பிறகு மொத்தமாகப் பார்க்க முடிகிற தூரத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

“அது மட்டும் பொய்,” என்றாள். “ரெண்டு நிமிஷம் பிடிப்பே, அப்படியே என் கால்மேலயே தூங்கிடுவே. சாயங்காலம் வரைக்கும் உன் தலையைத் தடவிக்கிட்டு நான்தான் உக்காந்திருப்பேன்.”